சியராவின் கிழக்குச் சரிவுக்கு அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

பிறகு படிக்க வருபவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். நீங்கள் சான் ஹோசேயில் இருக்கிறீர்கள். ஜூலை மூன்றாம் வாரம் நான்கு நாள் விடுப்பு. கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குப் பக்கம், 395ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற சிறு மலையூர்களையும் ஏரிகளையும் பார்க்க ஆசை. மனைவி, ஏழு வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் 67 வயது அம்மா எல்லோரும் வருகிறார்கள். அம்மா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி நன்றாக நடப்பார். பதினோரு இடங்களைப் பட்டியல் போட்டு, எந்த வரிசையில் போனால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "இவ்வளவு உயரம் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கொஞ்சம் யோசனை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் உங்கள் உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் வரிசை தானாக அமைந்துவிடும்.

நான் படித்தது நீரியல். பதினெட்டு வருடமாகக் கோடைதோறும் அந்தப் பக்கம் போய்வருகிறேன், பல முறை வயதானவர்களும் குழந்தைகளும் உள்ள குடும்பங்களோடு. ஏரியைப் பற்றியும் பாதையைப் பற்றியும் தைரியமாகப் பேசுவேன். மருத்துவர் இல்லை என்பதால், உடம்பு விஷயத்தில் பொதுவாக நிலைபெற்ற விதிகளை மட்டும் சொல்கிறேன். மாத்திரை சம்பந்தமான முடிவை அம்மாவின் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

போகலாம், அம்மாவையும் கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் பதினோரு இடம் வேண்டாம். தூரத்தை வைத்துத் திட்டம் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் உயரத்தை வைத்துத்தான் போட வேண்டும். உங்கள் பட்டியலில் முதல் நாள் இரவு மாமத் லேக்ஸ், மறுநாள் காலை ஹார்ஸ்ஷூ ஏரி, மதியம் பிரிஸ்டில்கோன் மரக்காடு என்று இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் ஒன்றுக்கொன்று பக்கம்தான். உடம்புக்கோ, கடல் மட்டத்தில் தூங்கி எழுந்தவர் அன்றிரவு 2,400 மீட்டரில் தூங்கி, மறுநாளே 2,700 மீட்டரும் 3,000 மீட்டரும் ஏறுகிறார் என்று கணக்கு. 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைந்துபோகும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். முதல் வருடம் அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஒரே நாளில் நேராக மாமத்துக்கு மேலே, 2,600 மீட்டருக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டேன். சாயங்காலம் தலை கனமாக இருக்கிறது என்றார். காரில் உட்கார்ந்து வந்த களைப்பு என்று நினைத்தேன். இரவு பதினோரு மணிக்கு வாந்தி. ஒன்றரை மணிக்கு, நெற்றிப்பொட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கூடார வாசலில் குனிந்து உட்கார்ந்திருந்தார். கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டு பிஷப் ஊருக்கு இறங்கினோம். நாற்பது மைல், ஆனால் இறங்கியது 1,300 மீட்டர். விடுதி அறையில் நான்கு மணிக்குப் படுத்தவர் எட்டு மணிக்கு எழுந்து, காபி கிடைக்குமா என்று கேட்டார். மருந்து எதுவும் கொடுக்கவில்லை. இறங்கினோம், அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்தத் திட்டம் போட்டாலும் முதலில் தூங்குகிற இடத்தின் உயரத்தைத்தான் எழுதுவேன்.

இதில் உறுதியாகத் தெரிந்தவை சில. உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் அதிகம், அதற்குக் கொஞ்சம் கீழேயும் சிலருக்கு வரும். போய்ச் சேர்ந்தவுடன் தெரியாது, ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் அது இரவில் ஆளை எழுப்புகிறது. தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசதி, தூக்கமின்மை இதில் ஏதாவது சேர்ந்தால் அதுதான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக் கூடாது; கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அது அவசர நிலை, விடியும் வரை காத்திருக்கக் கூடாது. அப்புறம், பகலில் எவ்வளவு உயரத்துக்குப் போனோம் என்பதைவிட இரவு எங்கே படுத்தோம் என்பது முக்கியம்.

சொல்ல முடியாதது, யாருக்கு வரும் என்பது. நன்றாக நடப்பவருக்கு வராது என்று ஒன்றும் இல்லை. மாரத்தான் ஓடுகிறவர் படுத்துக்கிடக்க, பக்கத்தில் எழுபது வயதுக்காரர் தெம்பாக உலாவுவதைப் பார்த்திருக்கிறேன். முன்பு இதே உயரத்துக்குப் போய் ஒன்றும் ஆகவில்லை என்றால் அது நல்ல அறிகுறி, உத்தரவாதம் இல்லை. அம்மாவுக்கு வயது ஒரு தடை இல்லை. ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. முதல் சில நாள் மலையில் அது சற்று ஏறுவது வழக்கம். அதனால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம், இரவு 2,100 மீட்டரில் தங்குவோம், பகலில் சில மணி நேரம் 2,700 வரை போவோம், வழியில் 3,000 மீட்டர் கணவாய் ஒன்றைக் கடப்போம் என்று எண்களோடு சொல்லிக் கேளுங்கள். "மலைக்குப் போகிறோம்" என்று மட்டும் சொன்னால் அவராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. அசெட்டசோலமைட் என்கிற தடுப்பு மாத்திரை தேவையா, அம்மாவின் மாத்திரையோடு அது சேருமா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். தூக்க மாத்திரை பழக்கம் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், சில வகை தூக்க மாத்திரைகள் மலையில் மூச்சை இன்னும் மந்தமாக்கும். மலையூர்க் கடைகளில் சின்ன ஆக்சிஜன் டப்பா விற்பார்கள். சில நிமிடத்துக்கு இதமாக இருக்கும், இறங்குவதற்கு மாற்று இல்லை.

சரி, இதை வைத்துக்கொண்டு ஊரைத் தேர்ந்தெடுப்போம். 395இல் தெற்கிலிருந்து வந்தால் லோன் பைன் ஏறத்தாழ 1,140 மீட்டர், பிஷப் 1,265, மாமத் லேக்ஸ் 2,400, ஜூன் லேக் 2,330, லீ வைனிங் 2,070, பிரிட்ஜ்போர்ட் 1,970. மூன்று இரவும் லீ வைனிங்கிலேயே தங்குங்கள் என்பேன். சில நூறு பேர் வாழ்கிற ஊர். ஒரே தெரு, அதுவே நெடுஞ்சாலை. எதிரே மோனோ ஏரி, முதுகுப் பக்கம் மலை. ஜூன் லேக் இருபது நிமிடம், மாமத் முக்கால் மணி நேரத்துக்குள், போடி என்கிற கைவிடப்பட்ட பழைய தங்கச் சுரங்க ஊர் ஒரு மணி நேரம். ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டி அவிழ்க்கிற வேலை இல்லை. அம்மாவுக்குக் களைப்பாக இருந்தால் மதியம் அறைக்குத் திரும்பிப் படுக்கலாம், அது ஒரே இடத்தில் தங்குவதில்தான் முடியும். இவ்வளவு சின்ன ஊர் என்பதால் ஜூலையில் அறை சட்டென்று தீர்ந்துபோகும், இப்போதே பதிவு செய்யுங்கள். பெட்ரோல் அங்கே விலை கூடுதல்; மேற்குப் பக்கத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மருந்து, அம்மாவுக்குப் பழக்கமான சாப்பாட்டுச் சாமான், எல்லாம் கையோடு கொண்டு போங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு திறந்த பாத்திரத்தில் வேகவே வேகாது. சமையலறை உள்ள அறை எடுத்தால் குக்கர் அவசியம். மருத்துவமனை மாமத் லேக்ஸிலும் பிஷப்பிலும் உண்டு. அம்மாவின் பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு என்ன விதி என்று முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்கள் ஏன் இவ்வளவு சிறியவையாகவே இருக்கின்றன என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். பதில் தண்ணீர். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1913இல் ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் ஆற்று நீரைக் கால்வாய் வழியாகத் தெற்கே கொண்டுபோக ஆரம்பித்தது. தண்ணீர் உரிமைக்காகப் பள்ளத்தாக்கின் நிலத்தையும் பெருமளவு வாங்கியது, இன்றும் வைத்திருக்கிறது. விற்பனைக்கு நிலம் இல்லாத இடத்தில் ஊர் எப்படிப் பெருகும்? ஓவன்ஸ் ஏரி 1920களிலேயே வறண்டு புழுதி மைதானம் ஆனது. கால்வாயை வடக்கே நீட்டி, 1941 முதல் மோனோ ஏரிக்கு வரும் ஓடைகளையும் திருப்பினார்கள். நீங்கள் பார்க்கப்போகிற ஏரிகளில் பாதியை இந்தக் கதை தெரியாமல் பார்த்தால் வெறும் நீலத் தண்ணீராகத்தான் தெரியும்.

மோனோவை உங்கள் பட்டியலில் "போகிற வழியில், 30 நிமிடம்" என்று போட்டிருக்கிறீர்கள். இதை மட்டும் மாற்றச் சொல்லி உங்களிடம் மன்றாடுவேன். அரை நாள் கொடுங்கள், முடிந்தால் இரண்டு தடவை போங்கள். அந்த ஏரிக்கு வெளியே போக வழி கிடையாது. ஓடை கொண்டுவரும் உப்பு உள்ளேயே தங்க, நீர் மட்டும் ஆவியாகிப் போகிறது. குறைந்தது 7,60,000 வருடமாக இது நடக்கிறது. அதனால் கடலைப் போல் இரண்டு மூன்று மடங்கு உப்பு, கூடவே நல்ல காரத்தன்மை. கையை நனைத்து விரல்களைத் தேய்த்தால் சோப்பு போட்டதுபோல் வழவழக்கும். மீன் கிடையாது. பொடி இறாலும் ஒரு வகை ஈயும்தான் இருக்கின்றன, அவற்றைத் தின்ன லட்சக்கணக்கில் பறவைகள்.

தெற்குக் கரையில் சௌத் டூஃபா என்ற இடத்தில் வெள்ளைக் கோபுரம்போல் சுண்ணாம்புப் பாறைகள் நிற்கும், அவற்றுக்குத்தான் டூஃபா என்று பெயர். ஏரிக்கு அடியில் நன்னீர் ஊற்றுகள் கால்சியத்தைக் கொண்டு வருகின்றன. ஏரி நீரில் கார்பனேட் நிறைய. இரண்டும் சேர்கிற இடத்தில் சுண்ணாம்பு படிந்து படிந்து தூண் வளர்கிறது. இது தண்ணீருக்குள் மட்டுமே நடக்கிற வேலை. அப்படியானால் இன்று வெயிலில் நிற்கிற ஒவ்வொரு தூணும் ஒரு காலத்தில் முழுகியிருந்தது. 1941க்கும் 1982க்கும் இடையில் ஏரி 45 அடி இறங்கியது, நீரின் அளவு பாதியாகிப்போனது. பறவைகள் முட்டையிடும் தீவு ஒன்று கரையோடு ஒட்டிக்கொள்ள, ஓநாய் இனத்தைச் சேர்ந்த கயோட்டிகள் நடந்தே போய்க் குஞ்சுகளைத் தின்றன. 1978இல் டேவிட் கெயின்ஸ் என்ற இளம் உயிரியலாளரும் நண்பர்களும் மோனோ ஏரிக் குழுவைத் தொடங்கினார்கள். 1983இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட நீர்நிலை பொதுமக்களின் பொறுப்பில் உள்ள சொத்து, தண்ணீர் உரிமை கொடுத்த பிறகும் அதை மறுபரிசீலனை செய்யும் கடமை அரசுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. 1994இல் நீர் வாரியம் ஏரியை கடல் மட்டத்திலிருந்து 6,392 அடிக்கு உயர்த்த வேண்டும் என்று உத்தரவிட்டது. ஏரி பிழைத்துக்கொண்டது, இது உறுதி. ஆனால் உத்தரவு வந்து முப்பது வருடம் கடந்தும் அந்த அளவை எட்டவில்லை. எப்போது எட்டும் என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. அடுத்தடுத்து நல்ல பனி வருடங்கள் வந்தாலும், ஓடைகளிலிருந்து எடுக்கும் நீரை இன்னும் குறைக்காமல் முடியாது என்பது என் கணிப்பு.

அங்கே போனதும் கோபுரங்களைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கரை ஓரத்தில் நீரும் மண்ணும் சேர்கிற இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை தெரியும். அது முழுக்க ஈ. கடிக்காது, மேலே வந்து உட்காராது, சாப்பாட்டையும் மொய்க்காது. மகனோடு மண்டியிட்டு, ஒரு ஐந்து நிமிடம் அசையாமல் பாருங்கள். ஓர் ஈ கல்லைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக நீருக்குள் இறங்கும். அதன் உடம்பு முழுக்க நுண்ணிய மயிர். அதில் காற்று சிக்கி, ஈயைச் சுற்றி ஒரு குமிழி உருவாகும், வெள்ளியில் வார்த்ததுபோல் பளபளக்கும். அந்தக் குமிழிக்குள் மூச்சு விட்டபடி கல்லில் ஒட்டிய பாசியை மேய்ந்துவிட்டு, பிடியை விட்டதும் மேலே வந்து நனையாமல் பறந்துபோகும். அந்த ஏரிக் கரையில் காலங்காலமாக வாழ்ந்துவரும் குட்சடிகா மக்கள் இந்த ஈயின் கூட்டுப்புழுக்களைச் சேகரித்து உலர்த்தி உண்டவர்கள். ஏழு வயதுக்கு இதைவிட நல்ல காட்சி அந்த மலைத்தொடரிலேயே இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. என்னோடு வந்த ஒரு சிறுமி அங்கிருந்து எழுந்து வர ஒரு மணி நேரம் மறுத்தாள்.

சௌத் டூஃபாவில் சுற்றுப்பாதை ஒரு மைல், சமதளம், நிழல் கிடையாது. நடுப்பகலில் வேண்டாம், சூரியன் சாய்ந்த பிறகு போங்கள். அம்மாவுக்கு அவ்வளவு நடக்க வேண்டாம் என்று தோன்றினால் வடமேற்குக் கரையில் கவுண்டி பூங்கா இருக்கிறது. பலகை நடைபாதை, ஏறி இறங்க வேண்டியதில்லை, மர நிழலும் உண்டு. டூஃபாவை ஒடிக்கவோ எடுக்கவோ கூடாது, சட்டப்படி குற்றம்.

இரண்டாம் நாள் ஜூன் லேக் வளையம். 158ஆம் சாலை, 16 மைல், நான்கு ஏரி: ஜூன், கல் (Gull), சில்வர், கிராண்ட். பெரும்பாலானவர்கள் ஒரு மணி நேரத்தில் சுற்றிவிட்டு மாமத்துக்கு ஓடிவிடுவார்கள். நீங்கள் காலை முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் ஏரியில் மணற்கரை உண்டு, குழந்தைகளுக்கு நல்ல இடம். அந்த வளையத்தில் ஓர் ஓடை இருக்கிறது, பெயரே ரிவர்ஸ்ட் கிரீக், அதாவது திசை மாறி ஓடும் ஓடை. மலையிலிருந்து இறங்க வேண்டிய நீர், பழைய பனியாறு கொட்டிவிட்டுப்போன கல்மேடு வழிமறிப்பதால், மலையை நோக்கி ஓடுகிறது. நின்று பார்த்தால் கண்ணும் அறிவும் ஒத்துப்போகாது. கடைசியில் வரும் கிராண்ட் ஏரி மட்டும் மற்றவை போல் இல்லாமல் கரையில் வெளுத்த வரி வரியாக இருக்கும். அது லாஸ் ஏஞ்சலஸுக்குத் தண்ணீர் தேக்கும் நீர்த்தேக்கம். மேலே சில்வர் ஏரியையும் கீழே கிராண்ட் ஏரியையும் ஒரே காலையில் பார்த்தால், மோனோவில் பார்ப்பதற்கு விடை கிடைத்துவிடும்.

இந்த ஏரிகளில் இறங்குவது பற்றி ஒரு வார்த்தை. உருகின பனிநீர். ஜூலை வெயிலில் மேலே ஒரு சாண் ஆழம் இதமாக இருக்கும், இடுப்பளவு போனால் சில்லென்று வெட்டும். 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் திடீரென விழுந்தால் உடம்பு தானாக ஒரு பெரிய மூச்சை இழுக்கும். தலை முழுகியிருக்கும்போது அந்த மூச்சு வந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்களும் இப்படித்தான் போகிறார்கள். படகோ துடுப்புப் பலகையோ எடுத்தால் மகனுக்கு உயிர்காப்புச் சட்டை கட்டாயம். கலிஃபோர்னியாவில் 13 வயதுக்குக் கீழே அது சட்டமே. நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவனைத் தூக்க நீங்கள்தான் குதிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் நாளுக்கு இரண்டு வழி, மாமத் அல்லது போடி, ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு இரவும் அம்மா தலைவலி இல்லாமல் தூங்கியிருந்தால் மாமத் பக்கம் போகலாம். டெவில்ஸ் போஸ்ட்பைலில், ஆறிய எரிமலைக் குழம்பு அறுகோணத் தூண்களாகப் பிளந்து, 60 அடி உயரத்துக்கு அடுக்கி வைத்த மரக்கட்டைபோல் நிற்கும். நடை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. தூண்களின் உச்சிக்கு ஏறினால் பனியாறு தேய்த்து மெருகேற்றிய தரை, ஓடு பதித்த கூடம்போல் இருக்கும். அந்த ஏற்றம் அம்மாவுக்குத் தேவையில்லை. கோடையில் பெரும்பாலும் சொந்த வண்டி விடமாட்டார்கள், பேருந்தில்தான் இறங்க வேண்டும். அந்தச் சாலையில் சில வருடங்களாகப் பராமரிப்புப் பணி நடந்து நாள் கணக்கில் அடைத்திருக்கிறார்கள், கிளம்பும் வாரத்தில் தேசியப் பூங்காத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

ஹார்ஸ்ஷூ ஏரியைப் பட்டியலில் "பிக்னிக்" என்று குறித்திருக்கிறீர்கள். அங்கே காய்ந்து வெளுத்த மரங்களின் ஒரு பெரிய திட்டு இருக்கிறது. 1989இல் அடியில் தொடர்ந்து சிறு நிலநடுக்கங்கள் வந்தன, அதன் பிறகு மாமத் மலை என்கிற அந்த எரிமலையிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு மண் வழியாகக் கசியத் தொடங்கி வேர்களை மூச்சடைக்க வைத்தது. இந்த வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். திறந்த வெளியில் நின்று பார்த்துவிட்டு வருவது ஆபத்து இல்லை. ஆனால் அங்கே குழந்தையைக் குழி தோண்டி விளையாட விடுவதோ, பள்ளத்தில் விரிப்பு போட்டுப் படுப்பதோ கூடவே கூடாது. எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், அதைச் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். அதே மலையில் 2006இல் பனிக்குள் இருந்த எரிமலை வாயுத் துளையில் விழுந்து, பனிச்சறுக்குக் காவலர்கள் மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். சாப்பாட்டு மூட்டையை மேரி ஏரிக் கரையில் பிரித்துக்கொள்ளுங்கள். ஹாட் கிரீக் என்ற வெந்நீர் ஓடையில் குளிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பழைய படங்களைப் பார்த்திருப்பீர்கள். 2006 முதல் அங்கே நீரில் இறங்கத் தடை, கொதிநீர் திடீர் திடீரெனப் பீறிடுகிறது. மேலிருந்து பார்க்கலாம்.

அம்மா இரவு சரியாகத் தூங்கவில்லை, லேசாகத் தலை வலித்தது என்றால் மாமத்தையும் போடியையும் இரண்டையுமே விட்டுவிடுங்கள். போடி 2,550 மீட்டர், மரமே கிடையாது. அன்றைக்கு மோனோ கரையில் காலையும் லீ வைனிங் ஊருக்குள் பகலும் கழியட்டும். நன்றாக இருந்து மாமத் கூட்டம் வேண்டாம் என்று தோன்றினால் போடி அருமையான இடம். தங்கம் கிடைத்து 1880 வாக்கில் ஏழு எட்டாயிரம் பேர் இருந்த ஊர், இன்று ஆளில்லாமல் நூற்றுச் சொச்சம் கட்டடங்களோடு நிற்கிறது. 1962 முதல் மாநிலப் பூங்கா. பழுது பார்த்துப் புதிதாக்காமல், இதற்கு மேல் இடியாமல் மட்டும் காப்பாற்றுகிறார்கள். ஜன்னல் வழியே பார்த்தால் மேசைமேல் தூசி படிந்த புத்தகங்களும் தட்டுகளும் அப்படியே கிடக்கும். கடைசி மூன்று மைல் மண்சாலை. சாப்பாடோ பெட்ரோலோ கிடைக்காது. ஒன்பது மணிக்கெல்லாம் உள்ளே போய்விட்டால் வெயில் ஏறுவதற்குள் வந்துவிடலாம்.

பிரிஸ்டில்கோன் காட்டை இந்த முறை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது. அங்கே 4,800 வருடத்தைத் தாண்டிய மரம் உயிரோடு நிற்கிறது. எது என்று அடையாளம் காட்டாமல் பாதுகாக்கிறார்கள். ஆனால் பார்வையாளர் மையமே 3,000 மீட்டரில். லீ வைனிங்கிலிருந்து போய்வர முழு நாள் ஆகும். விட்னி போர்ட்டல், லோன் பைன், மன்சனார் எல்லாம் இன்னும் தெற்கே. அடுத்த முறை பிஷப்பில் தங்கி அவற்றை மட்டும் பார்க்க ஒரு பயணம் வையுங்கள். மன்சனாரை அதில் கட்டாயம் சேருங்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் பத்தாயிரம் பேரை 1942 முதல் அடைத்து வைத்திருந்த முகாம் அது. அவசரமாகப் பார்க்கிற இடம் இல்லை.

வானிலை பற்றி: காலை தெளிவாக இருந்து, மதியம் இரண்டு மணிக்கு மேல் இடியோடு மழை வருவது ஜூலையில் சகஜம். நீண்ட நடையை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். இடி கேட்டால் ஏரியிலிருந்து வெளியே, காருக்குள். கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே. காட்டுத்தீப் புகை வருமா என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. முந்தின நாள் இரவு காற்றுத்தர வரைபடத்தைப் பாருங்கள், மோசமாக இருந்தால் அறைப் பணம் போனாலும் போகட்டும், அம்மாவையும் குழந்தையையும் புகைக்குள் கூட்டிப் போகாதீர்கள். இரவு ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும். கரடிக்காக, காரில் சாப்பாட்டுத் துணுக்குகூட விடாதீர்கள், வாசனை உள்ள சோப்பு, பற்பசை உட்பட.

போகிற வழி யோசெமிட்டி தேசியப் பூங்கா ஊடாக, டியோகா கணவாய். 3,031 மீட்டர், கடந்துதானே போகிறீர்கள், அங்கே தங்கவில்லை, பரவாயில்லை. நிறுத்தி நீண்ட நடை மட்டும் அன்று வேண்டாம். ஜூலையில் பொதுவாகத் திறந்திருக்கும், ஆனால் 2023இல் பனி மிகுந்து ஜூலை 22இல்தான் திறந்தார்கள். சில வருடங்களில் பூங்காவுக்குள் நுழைய முன்பதிவும் கேட்டிருக்கிறார்கள். இரண்டையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சோனோரா கணவாய் வழியாகக் குறுக்கே போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், செங்குத்தும் வளைவும் அதிகம், குமட்டல் வருகிறவர்களுக்கு ஆகாது. நிறுத்தங்களோடு ஏழு மணி நேரம் வைத்துக்கொண்டு, முதல் நாள் சாயங்காலம் எதுவும் திட்டமிடாமல் விடுங்கள். அம்மா நன்றாக இருந்தால் அஸ்தமனத்துக்கு ஏரிக்கரை, இல்லையென்றால் கஞ்சியும் தூக்கமும்.

நான்காம் நாள் திரும்பும்போது, கணவாயைத் தாண்டி அரை மணி நேரத்தில் சாலை ஓரத்திலேயே டெனாயா ஏரி வரும். 1851இல் வெள்ளைப் படையினர் அதற்குத் தலைவர் டெனாயாவின் பெயரை வைத்திருப்பதாக அவரிடமே சொன்னபோது, அதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதே என்று அவர் பதில் சொன்னதாக, உடனிருந்தவர் எழுதிவைத்திருக்கிறார். பைவியாக், ஒளிரும் பாறைகளின் ஏரி என்று பொருள். சுற்றியுள்ள பாறையைப் பனியாறு தேய்த்து வழவழப்பாக்கியிருப்பது காரிலிருந்தே தெரியும். கிழக்கு முனை மணலில் அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி போடுங்கள், மகன் முழங்கால் வரை நிற்கட்டும். ஒரு மணிக்குள் கிளம்பினால் இருட்டுவதற்கு முன் சான் ஹோசே போய்ச் சேரலாம்.